தில்லிக் குளிரில் கார் படும் பாடு

குளிர்காலத்தில் காரைப் பார்த்துக்கொள்வது பற்றிக் கிடைக்கிற அறிவுரைகளில் பாதி கனடாவிலும் நார்வேயிலும் இருப்பவர்களுக்காகச் சொன்னவை. பனிக்குத் தனி டயர் மாட்டு, எஞ்சினுக்கு மின்சார ஹீட்டர் வை, கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டு என்று போகும். தில்லியில் இவை எதற்கும் வேலை இல்லை. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 7 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. 2021 புத்தாண்டு அன்று 1.1 டிகிரிக்கு இறங்கியதே பெரிய செய்தியானது. கார் தயாரிப்பவர்களின் கணக்கில் இதெல்லாம் குளிரே கிடையாது.

ஆனால் டிசம்பர் கடைசியில் ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ காலை ஆறரை மணிக்குத் தெருவில் நின்று பாருங்கள். செல்ஃப் எடுக்காமல் முனகுகிற வண்டி ஒன்றாவது கண்ணில் படும். மலை மந்திர் முருகன் கோயிலில் மார்கழிப் பூஜைக்குப் போக ஸ்வெட்டரும் குல்லாயுமாகக் கிளம்பியவர்கள், வண்டியை விட்டுவிட்டு ஆட்டோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

குளிர் அவ்வளவு கடுமை இல்லை என்றால் வண்டி ஏன் மக்கர் பண்ணுகிறது? தில்லியில் காரைக் கெடுப்பது பெரும்பாலும் மே மாத வெயில். அது செய்துவிட்டுப் போன சேதத்தை ஜனவரி காட்டிக்கொடுக்கிறது. அதற்கு மேல் நவம்பரில் தொடங்கும் புகை, டிசம்பரில் சேரும் மூடுபனி, அப்புறம் வண்டி ஓடாமல் நாள்கணக்கில் நிற்பது. இந்த ஊரில் குளிர்காலப் பராமரிப்பு என்பது இந்த நாலைச் சமாளிப்பதுதான். குளிர் ஐந்தாவதாக வருகிறது.

பேட்டரியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் காலையில் நடுத்தெருவில் நிற்க வைப்பது பெரும்பாலும் அதுதான். காரில் இருப்பது ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பழைய காலத்துப் பெட்டி. உள்ளே நடக்கும் வேதிவினை சூட்டில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் ஓடும். பூஜ்யம் டிகிரியில் ஒரு நல்ல பேட்டரிகூட, 25 டிகிரியில் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தரும். தில்லியின் 5 டிகிரியில் இழப்பு அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகியிருப்பதால் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் பலம் வேண்டும். வரவு குறைந்து செலவு ஏறுகிற நிலை. புது பேட்டரி இதைச் சாதாரணமாகத் தாங்கிக்கொள்ளும். மூன்று வயதானது தாங்காது.

அந்த மூன்று ஆண்டில் நடந்தது என்ன? 2024 மே கடைசியில் சஃப்தர்ஜங்கில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியது. அந்த வெயிலில் நின்று ஓடிய வண்டியின் பானெட்டுக்குள் சூடு அதைவிட இன்னும் அதிகம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரி கெடுகிற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மெக்கானிக்குகளும் பேட்டரி கம்பெனிக்காரர்களும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. உள்ளே தண்ணீர் ஆவியாகிறது, தகட்டின் கம்பிச் சட்டம் அரிக்கிறது. ஆனால் வெயில் காலத்தில் எஞ்சின் லேசாகச் சுழலும் என்பதால் அரைகுறை பேட்டரியே அதை எழுப்பிவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. முதல் குளிர் அலை வரும்போது குட்டு வெளிப்படும். 'நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது' என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். நேற்று வரைக்கும் நன்றாக இல்லை. நேற்று வரைக்கும் அதை யாரும் சோதிக்கவில்லை.

சோதிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும், எலெக்ட்ரிக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. அப்புறம் யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி அந்த நேரத்தில் எண் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது அல்லது சார்ஜ் இல்லை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால், எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறது என்று அர்த்தம். ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள புது வண்டிகளில் மட்டும் இது கொஞ்சம் மேலே கீழே போகும். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் எந்த மிஸ்திரியும் காரணமில்லாமல் உங்கள் தலையில் பேட்டரியைக் கட்ட முடியாது. பேட்டரி மாற்ற வேண்டியிருந்தால் நவம்பரிலேயே மாற்றிவிடுவது நல்லது. ஜனவரி காலையில் அவசரத்துக்கு வாங்கினால் கடையில் இருப்பதுதான் கிடைக்கும், அது எத்தனை மாதமாக அங்கே கிடந்ததோ!

பானெட்டைத் திறந்ததும் பேட்டரி முனைகளில் வெள்ளையும் நீலமுமாகப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கடைசியில் அதையே மாட்ட வேண்டும். துடைத்த பிறகு கொஞ்சம் வாசலின் தடவினால் அந்தக் குளிர்காலம் ஓடிவிடும். தண்ணீர் ஊற்றுகிற வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர்தான். வீட்டு ஆர்ஓ தண்ணீர் குடிப்பதற்குச் சரி; அதிலும் உப்பு மிச்சம் இருக்கிறது.

பேட்டரி படுத்தே விட்டால் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவது நம் காலனிகளில் சகஜம், ஆனால் வரிசை தெரியாமல் போடுகிறார்கள். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டிவிட்டு, கடைசி முனையைச் செத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பில் கவ்வ விடவேண்டும். கடைசித் தொடுகையில்தான் பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம் என்பதால் அந்தப் பொறி தள்ளிப் பறக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. கழற்றும்போது அப்படியே தலைகீழாக. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டியில்தான் நடக்கும். ஆட்டோமேட்டிக்கில் எவ்வளவு தள்ளினாலும் தள்ளியவர்களுக்கு உடம்பு சூடாவதோடு சரி.

இனி, தில்லித் தமிழர்களிடையே தீராத ஒரு விவாதம். காலையில் வண்டியை எடுத்தவுடன் கிளம்பலாமா, பத்து நிமிடம் நிற்க வைத்து ஓடவிட வேண்டுமா? 'சோக்கை இழுத்து, சூடாக்கி, அப்புறந்தான்ப்பா எடுக்கணும்' என்று சொல்கிற மாமா ஒவ்வொரு காலனியிலும் இருப்பார். அவர் சொல்வது அவருடைய பழைய மாருதி 800-க்குச் சரிதான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் என்ற பழைய கருவி உள்ள வண்டியில் குளிர்ந்த பெட்ரோல் சரியாக ஆவியாகாது. கையால் சோக்கை இழுத்துக் கலவையைக் கெட்டியாக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னலில் நின்றுபோகும். 2000-ல் தில்லியில் யூரோ 2 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, புது வண்டிகளில் கார்புரேட்டர்கள் ஒழிந்தன. இப்போதைய வண்டியில் எஞ்சினின் சூட்டைச் சென்சார் பார்த்துச் சொல்கிறது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சோக் இழுக்கிற வேலையை அதுவே செய்துவிடுகிறது.

அதனால் அரை நிமிடம் போதும். ஆயில் மேலே ஏறியதும் கிளம்பி, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆக்சிலேட்டரை அழுத்தாமல் போனால் எஞ்சின் நின்றுகொண்டே ஓடுவதைவிடச் சீக்கிரம் சூடாகும். பத்து நிமிடம் நிற்க வைத்து ஓட்டுவது வீண் மட்டுமில்லை, கெடுதலும்கூட. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. கூடவே ஈரமும் சேர்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் வேதியியல் கணக்கு அப்படித்தான் வருகிறது. கோடையில் அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போய்விடுகிறது; ஜனவரியில் சைலன்சர் முனையில் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது, சொட்டுச் சொட்டாக வடிகிறது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், எஞ்சினின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். நீலம் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது.

தினமும் மூன்று கிலோமீட்டரில் இருக்கும் டிடிஇஏ (தில்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்புகிற வண்டிகளுக்கு இந்த ஈரம் ஒரு நிரந்தரத் தொல்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வீடு வந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர் நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு ஓட்டுகிற அந்தப் பத்து நிமிடத்தில், செல்ஃப் எடுத்துக்கொண்ட கரண்டைக்கூட ஆல்டர்னேட்டரால் திருப்பித் தர முடியாமல் போகலாம். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் நிற்காமல் ஒரு ஓட்டம் ஓட்டினால் இரண்டுக்கும் தீர்வு.

ஆயில் கிரேடு பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. 5டபிள்யூ-30 என்றால் முதல் எண்தான் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்வது. அதைச் சோதிப்பது மைனஸ் 30 டிகிரியில். 20டபிள்யூ ஆயிலைக்கூட மைனஸ் 15-ல்தான் சோதிக்கிறார்கள். வண்டியின் கையேடு சொல்வதை ஊற்றினால் போதும்.

தெற்கிலிருந்து மாற்றலாகி வருபவர்கள் கூடவே கொண்டுவரும் வண்டிகளில் வேறொரு கோளாறு உண்டு. சூடு ஏறுகிறது என்று ஊரில் யாரோ ஒரு மெக்கானிக், எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டிருப்பார். சென்னை வெயிலில் வித்தியாசம் தெரியாது. தில்லி ஜனவரியில் அந்த எஞ்சின் சூடே ஆகாது. டெம்பரேச்சர் முள் அடியிலேயே படுத்திருக்கும், ஹீட்டரைத் திருகினால் வெதுவெதுப்பான காற்றுகூட வராது, மைலேஜ் விழும். கார் ஹீட்டர் என்பது தனி அடுப்பு இல்லை. எஞ்சினின் சூடான கூலன்ட் ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாகப் போவதுதான். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் கூலன்ட் அளவு, அடுத்து தெர்மோஸ்டாட். காஷ்மீரி கேட் மார்க்கெட்டில் கிடைக்காத பாகம் இல்லை. அசல் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவே.

இந்த ஊரின் குளிர்காலத்தில் உண்மையிலேயே சிக்கலான விஷயம் கண்ணாடி. ஈரக்காற்று ஊரில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கண்ணாடியில் ஆவி படிவது தெரியும். அங்கே ஏசி குளிர் உள்ளே, ஈரப்புழுக்கம் வெளியே. ஆவி கண்ணாடியின் வெளிப்பக்கம் படியும். வைப்பரை ஒரு தட்டுத் தட்டினால் போச்சு. தில்லியில் எல்லாம் தலைகீழ். வெளியே 6 டிகிரி. உள்ளே நாலு பேர், நாலு பேரின் மூச்சு. ஒரு மணி நேரத்தில் நாலு பேர் மூச்சாலும் தோலாலும் வெளியிடும் ஈரம் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர். அது போய்ப் படிய இருப்பதிலேயே குளிர்ந்த இடம் கண்ணாடியின் உட்புறம். கையால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி அடுத்த முறை இன்னும் மோசமாகப் படியும். எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் கண் கூசும்.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் தீர்வு, வெளிக்காற்றை உள்ளே விடு என்பது. குளிர்காற்றில் ஈரத்தின் அளவு குறைவு. அதைச் சூடாக்கிக் கண்ணாடி மேல் வீசினால் ஆவி போய்விடும். நார்வேயில் இது சரி. தில்லியில் ஏக்யூஐ, அதாவது காற்று மாசுக் குறியீடு, 400 காட்டும் காலையில் வெளிக்காற்றை உள்ளே விடுவது என்றால், ஜன்னலைச் சாத்திவிட்டுப் புகையை மட்டும் தனியாக அழைப்பது போல. பிள்ளைக்கு வீசிங் இருக்கிற வீட்டில் யார் செய்வார்கள்? எனவே எல்லாரும் ரீசர்குலேஷன் பட்டனை அழுத்தி வைத்துவிடுகிறார்கள், உள்காற்றே சுற்றுகிறது, பத்து நிமிடத்தில் கண்ணாடி வெள்ளையாகிவிடுகிறது. உடனே ஜன்னலை இறக்குகிறார்கள். மூடியதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். குளிரில் ஏசியா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும். ஏசியின் வேலை குளிர்விப்பது மட்டுமில்லை. காற்று அதன் சில்லென்ற குழாய்களைத் தாண்டும்போது ஈரம் அங்கேயே வடிந்து வெளியே போய்விடுகிறது. உலர்ந்த காற்று பிறகு ஹீட்டர் வழியாகச் சூடாகிக் கண்ணாடிக்கு வருகிறது. முன் கண்ணாடி டிஃபாக் பட்டனை அழுத்தினால் பல வண்டிகளில் ஏசி தானாகவே ஓடத் தொடங்குவதன் காரணம் இதுதான். இப்படி ஓட்டினால் உள்காற்றைச் சுற்றவிட்டாலும் கண்ணாடி பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெளியே வெப்பநிலை மிகவும் இறங்கிவிட்டால் மட்டும் கம்ப்ரசர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்த அதிகாலைகளில் வெளிக்காற்று தவிர வேறு வழி இல்லை. இன்னொன்று: நாலு பேர் அடைத்த காரில் உள்காற்றையே அரை மணி நேரத்துக்கு மேல் சுற்றவிட்டால் கரியமில வாயு ஏறி ஓட்டுபவருக்குக் கொட்டாவி வரும். அவ்வப்போது இரண்டு நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், முடிந்தால் லாரிகளின் பின்னால் நிற்காத இடத்தில்.

வெளிக்காற்று வரும் வழியில் ஃபில்டர் நன்றாக இருந்தால் பாதிக் கவலை போகும். டாஷ்போர்டின் இடது பக்கம் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் இருக்கும், பெரும்பாலான வண்டிகளில் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். சாதாரண காகித ஃபில்டர் தூசியையும் சருகையும் பிடிக்கும், புகையின் நுண்துகள் அதில் பாதிக்கு மேல் நழுவிவிடும். பிஎம் 2.5 எனப்படும் அந்த நுண்துகளுக்கான ஃபில்டர் தனியாகக் கிடைக்கிறது; தில்லியில் அதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. சில பழைய சின்ன கார்களில் வேடிக்கை என்னவென்றால் ஃபில்டருக்கான பள்ளம் இருக்கும், ஃபில்டர் இருக்காது. விலை குறைந்த மாடல் என்று கம்பெனியே போடாமல் விட்டிருக்கும். திறந்து பார்க்காமல் தெரியாது. தீபாவளிக்கு முன் ஒன்றும் ஹோலிக்குப் பிறகு ஒன்றும் மாற்றுவது என் கணக்கு. எடுத்துப் பார்த்தால் மாற்றச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது, சாம்பல் நிறப் போர்வையாக இருக்கும்.

காலனியில் மாதச் சம்பளத்துக்குக் கார் துடைப்பவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ராத்திரிப் பனி வண்டி மேல் விழுகிறது, அதில் புகைக்கரியும் மண்தூசியும் ஊறிக் குழம்பாகிறது. விடிகாலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டி துடைக்கிற துணி அந்தக் குழம்பை பெயின்டின் மேல் தேய்க்கிறது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் வட்டவட்டமாகக் கீறல் தெரியும். அவர் மேல் குற்றமில்லை, கிடைக்கிற தண்ணீர் அவ்வளவுதான். தினமும் கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும், வாரம் ஒரு நாள் நிறையத் தண்ணீர் ஊற்றி முழு வண்டியையும் கழுவினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் அந்தக் குளிரில் வேலை குறையும். வைப்பர் ரப்பரும் மே வெயிலில் வெந்து இறுகியிருக்கும். மழை நின்றபின் மறந்துவிடுகிற அந்த ரப்பரை நவம்பரில் மாற்றுங்கள்.

மூடுபனியில் ஓட்டுவது பராமரிப்பில் சேருமா என்று கேட்கலாம். விளக்குகள் சேரும். யமுனை வெளி, பாசன வயல்கள், காற்றில்லாத தெளிந்த இரவு, ஈரம் ஒட்டிக்கொள்ளத் தோதாகக் கோடிக்கணக்கான புகைத்துகள்கள்: வட இந்தியச் சமவெளியின் மூடுபனிக்கு இவ்வளவும் காரணம். 50 மீட்டருக்குக் குறைவாகப் பார்வை இருந்தால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஓட்டுபவர் கண்டு பிரேக்கை மிதித்து நிற்பதற்குள் உலர்ந்த சாலையிலேயே 45 மீட்டர் ஓடிவிடும். 80-ல் அது ஏறக்குறைய 70 மீட்டர். சாலையோரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் டிராக்டர் டிராலி 50 மீட்டரில்தான் தெரியும் என்றால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம். 40-ல் போனால் 25 மீட்டரில் நின்றுவிடலாம். கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா போகும் 165 கிலோமீட்டர் யமுனை விரைவுச் சாலையில் வழக்கமான 100 கிலோமீட்டர் வேக வரம்பை டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவு வரை கார்களுக்கு 75 ஆகக் குறைக்கிறார்கள். அந்த 75-கூட அடர்ந்த மூடுபனிக்கு அதிகம்.

ஹை பீம் போட்டால் நன்றாகத் தெரியும் என்று நினைத்து எதிரே ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பிக்கொள்பவர்கள் நிறைய. நீர்த்துளிகளில் பட்ட வெளிச்சம் அப்படியே கண்ணுக்குத் திரும்புகிறது. லோ பீமும், தாழ்வாகப் பொருத்திய ஃபாக் லைட்டும்தான் உதவும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டுவது இங்கே தொற்றுநோயாகிவிட்டது. அதைப் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. நிற்கிறதா ஓடுகிறதா என்பதும் புரியாது. பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட் இருக்கிற வண்டியில் அதைப் போடுங்கள், பனி விலகியதும் அணையுங்கள். பின்னால் வருபவருக்குக் கண் இருக்கிறது. மஞ்சளாகிப்போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் செய்ய வேண்டியிருந்தால் அதற்கும் இதுதான் பருவம்.

டயர் பற்றிச் சுருக்கமாக. வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். அக்டோபர் பிற்பகல் 30 டிகிரியில் 33 பிடித்த டயர் ஜனவரிக் காலை 6 டிகிரியில் 29-க்கு வந்திருக்கும், பஞ்சர் எதுவும் இல்லாமலே. நைட்ரஜன் நிரப்பினால் இது நடக்காது என்று சொல்வார்கள். நைட்ரஜனும் அதே விதிப்படிதான் சுருங்கும். டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. ஓட்டிக்கொண்டு போய்ச் சூடான டயரில் அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

ஓடாமல் நிற்பதுதான் இன்னும் பாக்கி. புகை முற்றி, கிராப் என்னும் காற்று மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தை அறிவித்தால், புகை விதிகளின் பழைய தரங்களான பிஎஸ் 3 பெட்ரோல் கார்களும் பிஎஸ் 4 டீசல் கார்களும் தில்லியில் ஓடக்கூடாது. இப்படி நாள்கணக்கில் நிற்கும் வண்டியிலும் கடிகாரம், அலாரம், லாக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதியாகிவிடும். டாஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர் இருந்தால் இன்னும் சீக்கிரம். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பயனில்லை, செல்ஃப் எடுத்த கரண்ட்கூடத் திரும்பாது. நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி வைப்பது அல்லது கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் ஏற்றும் சின்ன டிரிக்கிள் சார்ஜர் மாட்டுவது உருப்படியான வழி. தடை நீங்கியதும் பொல்யூஷன் சர்டிஃபிகேட் காலாவதியாகியிருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை. சோதனைக்குப் போவதற்கு முன் வண்டியை நன்றாகச் சூடாக ஓட்டிக்கொண்டு போங்கள்; குளிர்ந்த எஞ்சினின் புகை எப்போதும் அளவு கூடித்தான் காட்டும்.

நிற்கிற வண்டிக்கு வேறு விருந்தாளிகளும் உண்டு. சூடு தணியாத எஞ்சின் மேல் எலி கூடு கட்டும், வயரின் தோலைக் கடிக்கும். பானெட்டைத் திறந்தால் பேட்டரி ஓரத்தில் கடலைத்தோலும் ரொட்டித் துண்டும் பஞ்சும் குவிந்திருந்தால் ஆள் வந்துபோகிறார் என்று பொருள். புகையிலை கட்டித் தொங்கவிடுவது, நாப்தலீன் உருண்டை போடுவது என்று ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். வாசனை போனதும் எலி திரும்பி வரும். அடிப்பக்கம் கம்பி வலை அடிப்பதும் தினம் வண்டியை அசைப்பதும்தான் நிலைக்கிறது. பூனையும் நாய்க்குட்டியும் சக்கரத்தின் மேலோ எஞ்சின் பக்கமோ ஒண்டியிருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்காருவதும், குளிருக்கு ஹீட்டர் போட்டுக் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய வண்டியில் தூங்குவதும் உயிரைக் குடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெளியூர் போய் டிரைவரை ராத்திரி வண்டியில் படுக்கச் சொல்பவர்கள் அவருக்கு ஒரு அறை எடுத்துக் கொடுப்பது நல்லது.

சிஎன்ஜி வண்டிகளில் பல, குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலில் கிளம்பி எஞ்சின் சூடானதும் கேஸுக்கு மாறுபவை. பெட்ரோல் டேங்க்கைக் காலியாகவே வைத்திருப்பவர்களுக்கு ஜனவரியில்தான் அதன் விலை தெரியும். கால் டேங்க்காவது இருக்கட்டும், அதுவும் மாதக்கணக்கில் பழசாகாமல். எலெக்ட்ரிக் கார்களில் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குளிரில் கொஞ்சம் குறையும், ஹீட்டர் பேட்டரியிலிருந்தே எடுப்பதும் ஒரு காரணம். அதிலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது, அது படுத்தால் அவ்வளவு பெரிய வண்டியும் திறக்காது.

மேலே சொன்னதெல்லாம் சமவெளிக்கு. பொங்கல், குடியரசு தினம் என்று நாலு நாள் லீவு சேர்ந்தால் தில்லி வண்டிகள் சிம்லாவுக்கும் மணாலிக்கும் படையெடுக்கும், அங்கே கனடா அறிவுரை நிஜமாகவே வேண்டும். ரேடியேட்டரில் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றி வந்த வண்டி ராத்திரியில் உறைந்தால், தண்ணீர் ஐஸாகும்போது 9 சதவீதம் விரிவதால், எஞ்சின் பிளாக்கே பிளக்கலாம். கூலன்டும் தண்ணீரும் சரிபாதி இருந்தால் மைனஸ் 35-ஐத் தாண்டியும் தாங்கும். டீசல் வண்டி என்றால் தில்லியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகாமல், மலையேறியதும் அங்கே நிரப்புங்கள். சமவெளி டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். வைப்பர் தண்ணீரில் உறையாத திரவம் கலந்துகொள்ளுங்கள். ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கைப் போட்டால் ஈரம் உறைந்து கேபிளோ பிரேக் ஷூவோ பிடித்துக்கொள்ளும், காலையில் வண்டி நகராது. சமதரையில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். காலையில் கல்லை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.